எழுநூற்று நாலு, பெண்

என் முகவாயில் முடி வளரும். மேலுதட்டிலும் வளரும். பதினாறு வயதில் தொடங்கியது, இன்றைக்கும் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எழுபதுகளில் எனக்கு இந்த வாய் கிடையாது. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் எங்கள் வீடு வாத்தியார் வீடு. அப்பா, அம்மா இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் வேலை. பைபிளில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் சொல்லுவார்கள், உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. அம்மா என் முகத்தைப் பார்த்ததும் குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைத்து அப்பினாள். படிகாரம் தேய்த்தாள். முழங்கால் போட்டு ஜெபமும் செய்தாள். முடி எதற்கும் மசியவில்லை. கடைசியில் நானே ஒரு முள்வாங்கியை வைத்துக்கொண்டு, காலையில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பழகிக்கொண்டேன். எனக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அதையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பட்டப்படிப்பு முடித்து, மதுரையில் ஆறு மாதம் மருத்துவப் பதிவு வேலை படித்து, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் வெளியூர் முகங்கள், லாரிகள், வேலைக்கு மனுப் போடுகிறவர்கள். மருத்துவமனையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நோய்களுக்கு எண் போடுவதுதான் எங்கள் வேலை. உலகத்தில் இருக்கிற எல்லா நோய்க்கும் ஒரு எண் உண்டு. அதற்கு வெளிநாட்டில் அச்சான இரண்டு தடிப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் அகர வரிசையில் நோயின் பெயரைத் தேட வேண்டும், இன்னொன்றில் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சங்கு குளிக்கிறவருக்குக் காது ஜவ்வு கிழிந்திருக்கும், அதற்கு ஒரு எண். உப்பளத்தில் நிற்கிறவளுக்குக் காலெல்லாம் வெடிப்பாக இருக்கும், அதற்கு ஒரு எண். தோணியில் மூட்டை ஏற்றுகிறவருக்குக் குடலிறக்கம், அதற்கும் ஒன்று. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாததெல்லாம் அந்தப் புத்தகத்தில் வெட்கமில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர். தலைமை எழுத்தர் ஐம்பது தாண்டியவர், அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருவர் இளைய எழுத்தர், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வேலை நடக்கிற விதம் இதுதான்: அண்ணாச்சி ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்க வாசிப்பார். சீட்டில் நோயாளியின் பெயர் இருக்காது. பதிவு எண், ஆணா பெண்ணா, வயது, டாக்டர் எழுதிய நோய், இவ்வளவுதான். இளைய எழுத்தர் புத்தகத்தில் எண்ணைத் தேடிச் சொல்வார். நான் சீட்டில் எழுதுவேன். பிறகு அதிலிருப்பது நோயாளியின் அட்டைக்கும் போகும், மேலிடத்துக்கு அனுப்பும் மாத அறிக்கைக்கும் போகும்.

இதில் இன்னொரு வேலையும் உண்டு. கவுண்டரில் சீட்டுப் போடுகிறவர்கள் அவசரத்தில் பிரசவத்துக்கு வந்தவளுக்கு ஆண் என்று போட்டுவிடுவார்கள். விரைவீக்கத்தோடு வந்த பெரியவருக்குப் பெண் என்று இருக்கும். அப்படியே அனுப்பினால் மெட்ராஸிலிருந்து கேள்வி வரும். அதனால் எங்கள் அறையில் ஒரு சட்டம். நோயும் ஆண், பெண் குறியும் ஒத்துப்போகாவிட்டால் நோயைத் தொடாதே, குறியைத் திருத்து. நோயை எழுதியவர் டாக்டர், அவர் தப்பு செய்யமாட்டார். குறியைப் போட்டவன் கவுண்டர்க்காரன், அவன் தப்பு செய்வான். சிவப்புப் பென்சிலால் அடித்து மாற்றி, திருத்தியவர் பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அந்தச் சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது.

ஒரு நாள் அண்ணாச்சி ஒரு சீட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஹிர்-சூட்-டிசம். பெண். முப்பத்தொண்ணு. இது என்னலே புது நோயா இருக்கு?"

இளையவர் புத்தகத்தைப் புரட்டினார். "எழுநூத்தி நாலு அண்ணாச்சி. முடி சம்பந்தப்பட்ட நோய்." பிறகு அகராதியையும் புரட்டினார். "முகத்துல, நெஞ்சுல எல்லாம் அதிகமா முடி வளர்றதாம்."

அண்ணாச்சி சிரித்தார். "தாடி முளைச்சதுக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கான்? இதுல கவுண்டர்க்காரன் பெண்ணுன்னு வேற போட்டு வச்சிருக்கான். தாயி, ஆண்ணு திருத்திட்டு உன் எழுத்தைப் போடு."

அந்தச் சொல்லுக்குப் பொருள் தேட எனக்கு அகராதி தேவைப்படவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டிருந்தேன். டாக்டர்கள் அதைப் பெண்களுக்குத்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆணுக்குத் தாடி வளர்ந்தால் எந்த டாக்டர் அதை நோய் என்று எழுதுவார்? இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்று காலையில் கரண்டு இல்லாமல் தாடைக்குக் கீழே இரண்டு முடியை விட்டுவிட்டு வந்திருந்தேன். இடது கையால் முகவாயை மூடிக்கொண்டு, வலது கையால் சிவப்புப் பென்சிலை எடுத்து, பெண் என்பதை அடித்து ஆண் என்று எழுதி, என் முதலெழுத்தையும் போட்டேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை அது. தெரிந்தே செய்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு காலை நேரத்தில் பதிவறை ஜன்னலுக்கு ஒரு பெண் வந்து நின்றார். நீலச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. முகவாயில் கருகருவென்று முடி. அதைச் சேலை முந்தியால் மூடவில்லை, முகத்தைக் குனிந்துகொள்ளவும் இல்லை. நேராக என்னைப் பார்த்து ஒரு தாளை நீட்டினார். வாங்கி வாசித்தேன்.

விஷயம் இதுதான். அந்த அக்கா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் ஆறு வருஷமாகத் தற்காலிக டைப்பிஸ்ட். இப்போது வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எங்கள் மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டபோது, அவருடைய பழைய அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஆண் என்று இருந்தது. விண்ணப்பத்தில் குமாரி என்று இருந்தது. உடனே சான்றிதழை நிறுத்திவைத்து, விண்ணப்பதாரர் பெண்தானா என்று மருத்துவக் குழு பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குத் தேதி ஏழு.

"மாச விலக்கு ஒழுங்கா வரலன்னுதான் டாக்டரம்மாட்ட வந்தேன்," என்றார். "அவங்க பாத்துட்டு ஏதோ பேரு எழுதினாங்க. மாத்திரை குடுத்தாங்க. இங்கன யாரோ என்னை ஆம்பளை ஆக்கிட்டீங்க. யாருன்னு கேக்கல. மாத்திக் குடுங்க, போதும்."

அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். அதோடு குத்தியிருந்த சீட்டில் சிவப்பாக என் எழுத்து. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"அக்கா, பரிசோதனைன்னா பயப்படாதீங்க. லேடி டாக்டர்தான் பாப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

அவர் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றினார். "தங்கச்சி, நோயின்னு வந்தப்ப நானேதான் சேலையை அவுத்துக் காட்டுனேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நான் பொம்பளைன்னு நிரூபிக்க ஒரு நிமிஷங்கூடக் காட்ட மாட்டேன். இந்த ஊர்ல வேற எந்தப் பொம்பளைக்காவது அப்படிக் கேட்டிருக்கீங்களா? வேலை போனா போகட்டும். வீட்ல அஞ்சு பேரு சாப்பிடுதது என் சம்பளத்துலதான், அதுவும் தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். 

அன்று மத்தியானமே அட்டையைத் திருத்த முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். "அறிக்கை மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாச்சு தாயி. சீட்டு எழுதுன டாக்டரம்மாவும் மாத்தலாகிப் போயிட்டாங்க. டாக்டர் கையெழுத்து இல்லாம ஒரு தடவை திருத்தினதை மறுபடி திருத்தக் கூடாது. பரிசோதனைக்குப் போனா முடிஞ்சு போச்சு, அந்தப் பிள்ளை எதுக்கு வீம்பு பிடிக்கி?" என்றார். மருத்துவமனை சூப்பிரண்டுக்கு ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். பதிவில் தவறு நேர்ந்திருக்கலாம், பரிசீலிக்கவும் என்று பட்டும் படாமலும் எழுதியிருந்தேன். விதியில் இடமில்லை என்று இரண்டே வார்த்தையில் திரும்பி வந்தது. அப்படி எழுதினால் அப்படித்தான் வரும்.

மறுநாள் காலையில் முள்வாங்கியை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. முதலில் அது திட்டமெல்லாம் இல்லை. கையில் எடுத்தால் அந்த அக்காவின் முகம் வந்து நின்றது, வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. நாலாம் நாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஏழு வருஷமாகப் பிடுங்கிய இடம் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது சில்லறையை இரண்டு தரம் தப்பாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நாசரேத்துக்குப் போனேன். அம்மா வாசலிலேயே என்னை மறித்தாள்.

"ஏளா, இப்படியேவா கோயிலுக்கு வரப்போற? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பாக்கட்டும்மா. நான் ஒண்ணும் திருடிட்டு வரலையே."

ஆராதனையில் எப்போதும் உட்காரும் இரண்டாவது வரிசையிலேயே உட்கார்ந்தேன். அம்மா என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாட்டை வழக்கத்தைவிட உரக்கப் பாடினேன். பாட்டு முடிகிற வரைக்கும் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

பதிவறையில் வேறு விதம். அண்ணாச்சியும் இளையவரும் என் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் பேசினார்கள். மைப்புட்டியைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, காலண்டரைப் பார்த்து. எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா இடத்துக்கு ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். இருபத்துமூன்றாம் தேதி, மற்ற நோயாளிகளைப் போலவே கவுண்டரில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பிகள் செய்கிற வேலை இது, நிறையப் பெண்களுக்கு உண்டு, உங்கள் குற்றம் ஒன்றுமில்லை என்றார். பிறகு சீட்டில் அந்தச் சொல்லை எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தச் சீட்டு மற்றச் சீட்டுகளோடு எங்கள் மேஜைக்கு வந்தது. பெயர்தான் இருக்காதே. அண்ணாச்சி வாசித்துக்கொண்டே வந்தார். கண் வலி, ஆண், நாற்பது. பேதி, பெண், ஆறு. அடுத்ததை எடுத்துவிட்டு நின்றார்.

"ஹிர்சூட்டிசம். பெண். இருபத்துமூணு." குரல் கொஞ்சம் இறங்கியது. "திரும்பவும் கவுண்டர்ல அதே தப்பு. ஆண்ணு திருத்து தாயி."

சிவப்புப் பென்சிலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே திருத்துங்க அண்ணாச்சி. அது என் சீட்டு."

அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை முழுசாகப் பார்த்தார். இளையவர் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். 

"சட்டம் சட்டம்தானே? எனக்கும் ஆண்ணு போடுங்க. நாளையில இருந்து ஆஜர்ப் பட்டியல்லயும் மாத்திருங்க. நான் எந்தக் கக்கூசுக்குப் போகணும்னும் ஒரு உத்தரவு போட்டுக் குடுங்க. இல்ல, சந்தேகமா இருந்தா என்னையும் பரிசோதனைக்கு அனுப்புங்க, மூணு டாக்டர் உக்காந்து பாத்துச் சொல்லட்டும்."

"வாயக் கழுவு தாயி. உன்னைப் போயி..."

"என்னைன்னா ஆகாது, அந்த அக்கான்னா ஆகுமா அண்ணாச்சி?"

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கும் மூன்று பெண் பிள்ளைகள் என்றார், சம்பந்தமில்லாமல். பிறகு அந்தப் பெண்ணின் அட்டையை எடு என்றார். மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

சூப்பிரண்டு அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அண்ணாச்சி தயங்காமல் சொன்னார். "தப்பு எங்க அறையில நடந்தது சார். பொம்பளைங்களுக்கு இந்த நோய் வரும்னு எனக்குத் தெரியாது. கவுண்டர்ல சரியாத்தான் போட்டிருக்காங்க." அந்த மனிதர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"இது யார் முதலெழுத்து?" என்று சூப்பிரண்டு கேட்டார்.

"நான் சொல்லித்தான் போட்டா சார்," என்றார் அண்ணாச்சி.

"அவங்க தெரியாமச் சொன்னாங்க," என்றேன். "நான் தெரிஞ்சே போட்டேன்."

சூப்பிரண்டு என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். ஆண் என்பதை மையால் அடித்து, பெண் என்று எழுதி, பதிவறையின் தவறு என்று குறித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டார். பரிசோதனைக் கடிதத்தை ரத்து செய்தார். புதிய டாக்டர் சான்றிதழில் கையெழுத்திட்டார். இரண்டு வாரத்துக்கு மேலாக விதியில் இடமில்லாமல் இருந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது, தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டி. அதில் எனக்கு வருத்தமில்லை, வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அந்த அக்கா வந்தார். ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தோம். சான்றிதழை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவர் அதை அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாக, டைப் அடித்த தாளைச் சரிபார்க்கிற மாதிரி வாசித்தார். முத்திரையையும் தேதியையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பத் திரும்பினார். பேசாமல் விட்டிருந்தால் அவர் அப்படியே போயிருப்பார்.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு யாருன்னு கேக்கலன்னு சொன்னீங்க. நான்தான் போட்டேன்."

அவர் நின்றார். என் முகவாயைப் பார்த்தார். மேலுதட்டைப் பார்த்தார். மூன்று வார வளர்ச்சி, எதையும் ஒளிக்க முடியாது, நானும் கையை உயர்த்தவில்லை. அவர் முகத்தில் கோபம் வந்தது, பிறகு கோபத்தைவிடத் தாங்க முடியாத ஒன்று வந்தது.

"உனக்கும் இருக்கு," என்றார். "இருந்துமா எனக்கு அப்படிப் போட்ட?"

"இருந்ததுனாலதான்க்கா போட்டேன்."

அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சான்றிதழை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று துறைமுக பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.